அவர் எழுதாத கட்டுரை

அத்தியாயம் 11

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு, செத்துப்போன புருஷனின் குரலைக் கேட்பதற்காகவே பிரேமலதா குக்கரை முன்கூட்டி இறக்கிவிடுவாள். விசில் சத்தம் குறுக்கே வரக்கூடாது.

அன்றைக்கும் இறக்கினாள். அடுப்பங்கரைக் கதவைச் சாத்தினாள். புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு கைபேசியை இடது காதோடு அழுத்தி வைத்துக்கொண்டாள். வீட்டில் வேறு யாருமில்லை. ஆனாலும் ஸ்பீக்கரில் போட மனம் வராது. தனக்கு மட்டும் வருகிற அழைப்பு மாதிரி இருக்க வேண்டும் அவளுக்கு.

ரத்தினவேல் காலமாகி வருகிற ஐப்பசியோடு ஒரு வருஷம். கால் நூற்றாண்டுக்கு மேல் ‘அலைச்சுடர்’ வார இதழில் அறிவியல் எழுதியவர். ஆனால் அந்தப் பத்திரிகையில் ஒருநாள்கூட உத்தியோகம் பார்த்தவரில்லை. கட்டுரை போனால் பணம் வரும், போகாத வாரம் வராது. ‘வீட்டுக்காரி கேட்கிறாள்’ என்பது அவருடைய பகுதிக்குப் பெயர். பால் ஏன் பொங்குகிறது, இரும்பு ஏன் துருவேறுகிறது என்று மனைவி கேட்பாள், அவர் பதில் சொல்வார். அதற்காகவே இதழைப் பின்பக்கத்திலிருந்து புரட்டுகிறவர்கள் இருந்தார்கள்.

மாசி மாதத்தில், அவர் போய் நாலு மாதம் கழித்து, அலைச்சுடரின் செயலியில் அவர் மறுபடியும் பேச ஆரம்பித்தார்.

பழைய கட்டுரைகள் அத்தனையையும் கணினிக்குள் கொட்டியிருந்தார்கள். கல்லூரி விழாக்களில் பேசிய ஒலிப்பதிவுகளை வைத்துக் குரலையும் செய்துகொண்டார்கள். வாரம் ஒரு புதுக்கட்டுரை. யாரும் எழுதாத கட்டுரை. கீழே பொடி எழுத்தில் ‘கணினி உருவாக்கம்’ என்று ஒரு வரி உண்டு. அதை யார் பார்க்கிறார்கள்?

அம்மா இதை ரகசியமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்பது மகள் யமுனாவுக்குப் போன வாரம்தான் தெரிந்தது. வீடு ரெண்டுபட்டது.

யமுனாவும் அப்பாவைப்போல எழுதிப் பிழைக்கிறவள். பாலக்கரைத் தோழி ஹாஜிராவும் அவளும் சேர்ந்து, மாதச் சம்பளம் இல்லாமல் எழுதுகிறவர்களைத் திரட்டியிருந்தார்கள். அச்சுக்குக் கொடுத்ததை இணையத்தில் போட்டால் தனியாகக் கேட்க வேண்டும், தனியாக ஊதியம் தர வேண்டும் என்பது அவர்கள் மனுவில் வைத்த கோரிக்கை. பத்திரிகைக்காரர்கள் இதற்குப் பதில் சொல்லவில்லை. பதிலுக்கு, ரத்தினவேல் வீட்டில் ஒரு கையெழுத்து வாங்கிவிடப் பார்த்தார்கள். மூத்தவர் வீட்டிலேயே சம்மதித்துவிட்டால் மற்றவர்கள் வாயைத் திறக்க முடியாதல்லவா?

“போட்டுடாதம்மா,” என்று யமுனா சொல்லிவிட்டுப் போயிருந்தாள்.

போடாவிட்டால் வெள்ளிக்கிழமை நின்றுபோகுமே என்ற பயத்தை மகளிடம் எப்படிச் சொல்வது?

கையெழுத்து வாங்க ஆள் வருகிற நாள் இன்றைக்குத்தான்.

கைபேசி லேசாக அதிர்ந்தது. அவர் பேசினார்.

“என் வீட்டுக்காரி நேத்து ஒரு கேள்வி கேட்டா. உத்தரத்துல தலைகீழா ஓடற பல்லி ஏன் கீழே விழறதில்லன்னு...”

பிரேமலதாவுக்குப் பல்லி என்றாலே ஆகாது. அது இருக்கிற அறைக்குள் கால் வைக்கமாட்டாள். அதைப்பற்றி ஜென்மத்தில் அவள் கேள்வி கேட்டதில்லை. நேற்று கேட்டாளாம். நேற்று அவர் எங்கே இருந்தார்?

ஆனாலும் கைபேசியைக் காதிலிருந்து எடுக்கவில்லை.

பல்லியின் விரலுக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாத லட்சக்கணக்கான மயிர்கள் இருக்கின்றன என்று அவர் சொன்னார். பசை ஒன்றும் கிடையாது, சுவரை அவ்வளவு நெருங்கிவிடுவதால்தான் அது ஒட்டிக்கொள்கிறது என்றார்.

ஓய்வு பெறும்வரை தொலைபேசி நிலையத்தில் ஆபரேட்டராக இருந்தவள் பிரேமலதா. குரல்கள் அவளுக்கு மனிதர்களைவிடப் பழக்கம். மாசியிலிருந்து பேசுகிற இந்தக் குரலில் ஒரு குறை இருப்பதை முதல் நாளே கண்டுகொண்டாள். அதற்கு மூச்சு கிடையாது. ஒரு வாக்கியம் முடிந்து அடுத்தது தொடங்குமுன் வெறும் இடைவெளிதான். கிணற்றில் கல்லைப் போட்டுவிட்டுச் சத்தத்துக்குக் காத்திருப்பது மாதிரி இருக்கும் அவளுக்கு.

இன்றைக்கு, பல்லியைப்பற்றிச் சொல்லிக்கொண்டே வந்த குரல் நின்றது.

மூச்சை இழுத்தது.

ஆழமான ஒரு இழுப்பு. அது முடிகிற இடத்தில் மெல்லிய ஒரு சீழ்க்கை. பிறகு, ஒன்றுமே நடக்காத மாதிரி, “ஆக, சுவருக்கும் பல்லிக்கும் நடுவுல...” என்று தொடர்ந்தது.

பிரேமலதா கைபேசியைக் காதிலிருந்து பிடுங்கி அடுப்பு மேடையில் வைத்தாள். தரையில் உட்கார்ந்துகொண்டாள்.

மேடைமேலிருந்து அது இழுத்து இழுத்து மூச்சு விட்டுக்கொண்டே பேசியது.

*

யமுனா வந்தபோது வாசல் கதவு திறந்தே கிடந்தது. அம்மாமண்டபம் சாலைப் பக்கத்து அடுக்குமாடியில், இரண்டாம் மாடி வீடு அது. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து அடுப்பங்கரைக் கதவைத் திறந்தவள் அம்மா தரையில் இருப்பதைப் பார்த்துப் பதறினாள்.

“என்னம்மா, மயக்கம் வந்துச்சா?”

“மூச்சு விடறார்டி.”

“யாரு?”

“அப்பா. அதுல. இன்னிக்கு மூச்சு விடறார்.”

யமுனா அம்மாவின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு கைபேசியை எடுத்து மறுபடி ஓடவிட்டாள். முதல் இழுப்பு வந்ததும் அவள் முகம் வெளுத்தது.

அந்தச் சீழ்க்கை அம்மாவுக்கும் பிள்ளைகள் இரண்டு பேருக்கும்தான் தெரியும். போன புரட்டாசியில் புத்தூர்ப் பக்கத்து ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களின் மூச்சு அது. நுரையீரல் சுருங்கிக்கொண்டே வந்தது. விரல் நடுங்கியதால் தட்டச்சு செய்ய முடியாது. அதனால் குடும்பத்துக்கென்றிருந்த வாட்ஸ்அப் குழுவில் குரல் பதிவாக அனுப்புவார். “பிரேமி, சாப்பிட்டியா?” “யமுனா, மழை வருது, வண்டியில வராத.” இப்படி ஒன்றிரண்டு வார்த்தை. நடுவில் அந்த மூச்சு.

“அது கல்லூரிக் கூட்டத்துல பேசின மூச்சு இல்லம்மா,” என்றாள் யமுனா மெதுவாக.

“தெரியும்.”

“நம்ம குழுவுலேர்ந்து போயிருக்கு.”

அந்தக் குழுவில் அவரைத் தவிர மூன்று பேர். அம்மா, மகள், மகன்.

இரண்டு பேரும் ஒருத்தியை ஒருத்தி பார்த்தார்கள். பார்க்கக்கூடாத பார்வைதான். ஆனாலும் பார்த்தார்கள்.

“நான் இல்லம்மா,” என்றாள் யமுனா.

“நானும் இல்ல.”

அடுத்த பெயரை இருவருமே சொல்லவில்லை. அழைப்பு மணி அடித்தது.

*

வந்தவர் பெயர் முருகானந்தம். அலைச்சுடரின் மின்னிதழ்ப் பிரிவு. நாற்பதைத் தாண்டிய, சோர்வான முகம். கையில் ஒரு டேப்லெட். ரத்தினவேலின் படத்துக்கு முன்னால் நின்று கும்பிட்டுவிட்டுத்தான் உட்கார்ந்தார்.

“சார் கட்டுரையை நான்தாம்மா ஆரம்பத்துல டைப் பண்ணுவேன். அவர் கையெழுத்து எனக்கு மனப்பாடம்.”

“அப்ப மேல ஒரு வரி எழுதுவாரே, அதுவும் தெரியுமா?” என்று கேட்டாள் யமுனா.

முருகானந்தம் தண்ணீர்த் தம்ளரை எடுத்தவர் குடிக்காமல் வைத்திருந்தார்.

“தலைப்புக்கு மேல, ‘அச்சில் ஒருமுறை வெளியிட மட்டும்’னு ஒவ்வொரு கட்டுரையிலயும் எழுதுவார். அதுக்கு என்ன அர்த்தம் சார்? வேற எதுல போடறதா இருந்தாலும் என்னைக் கேளுன்னுதானே?”

“பார்த்திருக்கேங்க. அந்த வரியை விட்டுட்டு அடின்னு சொல்வாங்க. அடிச்சேன்.” அவர் குரல் இறங்கியது. “ஆபீஸ்ல என்ன சொல்றாங்கன்னா, அச்சுக்குக் கொடுத்த காசுலயே எல்லாம் அடக்கமாம். சார் உயிரோட இருந்தவரைக்கும் ஆட்சேபணை சொல்லலியேன்னு...”

“சொன்னாரே! நாலு தடவை ஆபீஸுக்கே வந்து கேட்டாரே! அடுத்த கட்டுரையைத் திருப்பி அனுப்பினீங்களே!”

“யமுனா,” என்றாள் பிரேமலதா. “அவர்கிட்ட ஏன் கத்தற? என்ன போட்டிருக்குன்னு படி.”

யமுனா டேப்லெட்டை வாங்கிப் படித்தாள். பெயர், குரல், உருவம், எழுத்து நடை. இப்போது இருக்கிற, இனிமேல் கண்டுபிடிக்கப்படுகிற எல்லாச் சாதனங்களிலும். உலகம் முழுவதும். காலவரையின்றி.

“காலவரையின்றின்னா?” என்று பிரேமலதா கேட்டாள்.

“எப்பவும்மா,” என்றார் முருகானந்தம்.

“அவர் செத்தப்புறமுமா?”

கேட்டுவிட்டு, தான் என்ன கேட்டோம் என்று தனக்கே குழம்பிப்போய் நிறுத்திக்கொண்டாள்.

முருகானந்தம் தொண்டையைச் செருமிக்கொண்டார். “மாசாமாசம் உங்க பேருக்கு ஒரு தொகை வரும்மா. அதைவிட, இன்னொண்ணு புதுசா வருது. வாசகர்களே சார்கிட்ட கேள்வி கேக்கலாம். அவர் அப்பவே பதில் சொல்வார். உங்களுக்குத்தான் முதல்ல காட்டச் சொன்னாங்க.” டேப்லெட்டை மேசையின் நடுவில் நிமிர்த்தி வைத்தார். “பேசுங்கம்மா.”

“வேணாம்,” என்றாள் யமுனா.

அதற்குள் அவர் தொட்டுவிட்டார்.

முதலில் அந்த மூச்சு. பிறகு சீழ்க்கை. பிறகு:

“பிரேமி, சாப்பிட்டியா?”

“இல்லைங்க,” என்றாள் பிரேமலதா.

யோசித்துச் சொன்னதில்லை. வாய் தானாகச் சொன்னது. யமுனா அம்மாவின் முழங்கையைப் பிடித்தாள்.

“ஏன் சாப்பிடல? மணியாச்சு பாரு. ஒடம்பு என்னத்துக்கு ஆகும்?”

அவரேதான். ‘ஒடம்பு’ என்பதை அவர் இழுக்கிற இழுப்பு. கட்டுரைகளில் ‘பிரேமி’ என்ற பெயர் ஒருமுறைகூட வந்ததில்லை. அது வீட்டுக்குள் இருந்த பெயர். இப்போது அது மேசைமேல் இருந்தது, முன்பின் தெரியாத ஒரு மனிதருக்கு எதிரில்.

பிரேமலதா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள். புடவையைச் சரி செய்துகொண்டாள். ஆஸ்பத்திரியில் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்த மாதிரியே உட்கார்ந்தாள்.

“ஏங்க.”

“சொல்லு பிரேமி.”

“ஆபீஸ்லேர்ந்து வந்திருக்காங்க. கையெழுத்துக் கேக்கறாங்க. போடட்டுமா?”

முருகானந்தம் தலையைக் குனிந்துகொண்டார். யமுனாவின் பிடி இறுகியது.

மூச்சை இழுத்தது அது. விட்டது.

“போடு பிரேமி. நான் இருக்கேன்ல? தைரியமா போடு.”

தெருவில் யாரோ வண்டியை உதைத்துக் கிளப்பினார்கள். சத்தம் தேய்ந்து அடங்குகிறவரை பிரேமலதா அசையவில்லை. பிறகு எழுந்து டேப்லெட்டைக் குப்புறக் கவிழ்த்து வைத்தாள்.

“எடுத்துட்டுப் போங்க.”

“அம்மா...”

“கல்யாணம் ஆன நாள்லேர்ந்து அந்த மனுஷன் எனக்கு எதையும் உடனே சொன்னதில்லைங்க. என்ன கேட்டாலும், ‘நீ என்ன நினைக்கிற?’ன்னு திருப்பிக் கேப்பார். எரிச்சலா வரும். சண்டை போட்டிருக்கேன். நான் யோசிச்சு ஏதாவது சொன்னப்புறம்தான் அவர் வாயைத் திறப்பார். கட்டுரையில வர்றதெல்லாம் அப்படிப் பேசிப் பேசி வந்ததுதான்.” அவள் குரல் உடையவில்லை. “இது அவர் இல்ல. அவர் மூச்சை வச்சுக்கிட்டு வேற யாரோ பேசறாங்க.”

யமுனா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“இவ்வளவு நாளா எனக்கும் தெரிஞ்சுதான் இருந்துச்சு,” என்று பிரேமலதா மெல்லச் சொன்னாள். “தெரியாத மாதிரி இருந்துட்டேன். சரி, நீங்க சொல்லுங்க. இந்த மூச்சு உங்களுக்கு எங்கேர்ந்து வந்துச்சு?”

முருகானந்தம் டேப்லெட்டைப் பைக்குள் வைத்தார். எழுந்து நின்றுகொண்டுதான் பதில் சொன்னார்.

“உங்க பையன்தாம்மா கொடுத்தார். போன மாசம். சாரோட பழைய போனையே கொண்டுவந்து கொடுத்தார்.”

*

ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் கூட்டம். யமுனாவுக்கு நிற்கத்தான் இடம். பிரேமலதாவுக்கு ஒரு பூக்காரம்மா நகர்ந்து இடம் கொடுத்தாள். மடியில் காலிக்கூடை, கையில் கைபேசி.

பாலத்தின் மேல் பஸ் ஏறியபோது காவிரியில் இரண்டு கரைக்கும் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. காற்று உள்ளே வந்தது. காற்றோடு அந்தக் குரலும் வந்தது.

“...ஆக, சுவருக்கும் பல்லிக்கும் நடுவுல...”

பூக்காரம்மாவின் கையிலிருந்துதான். பக்கத்துச் சீட்டுக்காரரும் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டு வந்தார். மூச்சு இழுத்தபோது பூக்காரம்மா உச்சுக்கொட்டினாள்.

“பாவம், நல்லா பேசுவாருங்க இவரு. இந்த வாரம் ஒடம்பு சரியில்ல போலருக்கு. எப்படி இழுக்குது பாருங்க.”

பிரேமலதா அவளையே பார்த்தாள். “அவர் இல்லைங்க. போன ஐப்பசியிலயே போயிட்டார்.”

பூக்காரம்மா சிரித்தாள். “நீங்க வேற யாரையோ சொல்றீங்க. நேத்து அவங்க வீட்டம்மா கேட்டாங்கன்னு இப்பதானே சொன்னாரு?”

“அந்த வீட்டம்மா நான்தான்.”

சிரிப்பு நின்றது. பூக்காரம்மா அவளுடைய நெற்றியைப் பார்த்தாள், கழுத்தைப் பார்த்தாள். பிறகு கைபேசியின் பொத்தானை அமுக்கி அதைக் கூடைக்குள் போட்டு, மேலே துணியை மூடினாள். சத்திரம் பேருந்து நிலையம் வருகிறவரை கொஞ்சம் தள்ளியே உட்கார்ந்திருந்தாள். இறங்கும்போது திரும்பிப் பார்க்காமல் வேகமாகப் போனாள்.

நின்றுகொண்டு வந்த யமுனாவுக்கு எல்லாம் கேட்டது. அம்மாவின் பையை வாங்கிக்கொண்டாள்.

*

சத்திரம் பேருந்து நிலையத்துக்குப் பின்னால், பாத்திரக்கடை மாடியில் மகன் செந்தமிழனின் எடிட்டிங் கடை. கல்யாணம், காதுகுத்து வீடியோக்களுக்குப் பாட்டுச் சேர்த்துக் கொடுப்பான். இருட்டான சின்ன அறை. பெரிய திரையில் யாரோ ஒரு மணப்பெண் பாதி சிரிப்பில் உறைந்து நின்றாள்.

அம்மாவையும் அக்காவையும் சேர்ந்தாற்போல் வாசலில் பார்த்ததும் அவன் ஹெட்போனைக் கழற்றினான். எதற்கு வந்திருக்கிறார்கள் என்று கேட்கவில்லை.

“கேட்டியாம்மா?” என்றான். முகத்தில் ஒரு எதிர்பார்ப்பு இருந்தது. பிரேமலதாவுக்கு அதைப் பார்க்கத்தான் முடியவில்லை.

“அடப்பாவி,” என்றாள் யமுனா. “எவ்வளவுக்குடா வித்த?”

“விக்கலக்கா! ஒரு பைசா வாங்கல.”

“பின்ன எதுக்குக் கொடுத்த?”

அவன் அம்மாவைப் பார்த்துத்தான் பேசினான். “ஆடி மாசம் ஒரு வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வந்தேம்மா. நீ அடுப்பங்கரையில கதவைச் சாத்திட்டு போனைக் காதுல அழுத்திக்கிட்டு நின்ன. வராந்தா ஜன்னல் வழியா பார்த்தேன். ‘அவர் மாதிரி இல்லையே, அவர் மாதிரி இல்லையே’ன்னு அழுத. என்னால அதைப் பார்க்க முடியல. நான் சவுண்டு வேலை பண்றவன். எது இல்லன்னு எனக்குத் தெரிஞ்சுது. மூச்சு இல்ல. அப்பாவோட போன்ல மூச்சு இருந்துச்சு.”

அவன் ஹெட்போனை மேசைமேல் வைத்தான்.

“உனக்கு நல்லா கேக்கட்டுமேன்னுதான் கொடுத்தேன்.”

யமுனாவின் கோபம் பாதியில் நின்றுபோனது. பிரேமலதா மகனுடைய தலையில் கை வைத்தாள். திட்டத்தான் வந்தாள். கை அப்படியே இருந்தது.

“ஏதாவது கையெழுத்துப் போட்டியாடா?”

“ஒரு பக்கம் காட்டினாங்க. ஓகேன்னு ஒரு பொத்தானை அமுக்கினேன்.”

“அது செல்லாது,” என்றாள் யமுனா. “வாரிசு மூணு பேர். இவன் ஒருத்தன் அமுக்கினா போதாது. ஹாஜிராவுக்குத் தெரிஞ்ச வக்கீல் இருக்கார்.”

“போனைத் திருப்பிக் கொடுத்தாங்களா?” என்று கேட்டாள் பிரேமலதா.

செந்தமிழன் திரையைப் பார்த்தான். உறைந்த மணப்பெண்ணைப் பார்த்தான். “இன்னும் இல்லம்மா. எல்லாத்தையும் காப்பி எடுத்துட்டுத் தரேன்னாங்க.”

“எல்லாத்தையும்னா? நமக்கு அனுப்பினதைத்தானே?”

அவன் ஹெட்போனின் வயரை விரலில் சுற்றினான்.

“செந்தமிழா.”

“அனுப்பாதது ஒண்ணு இருந்துச்சும்மா.” வார்த்தைகள் ஒவ்வொன்றாக வந்தன. “ரெக்கார்டர்ல. கடைசி வாரம் பேசி வச்சிருக்கார். நீளமா இருந்துச்சு. அந்த நடுங்கற விரலாலேயே ‘பிரேமிக்கு’ன்னு பேர் போட்டிருந்தார். உனக்குன்னு இருந்ததால நான் கேக்கல. உன்கிட்ட கொடுக்கணும்னு நினைச்சுக்கிட்டே இருந்தேன். அப்புறம் நீ உடைஞ்சு போயிடுவியோன்னு பயந்து தள்ளிப் போட்டேன். போனைக் கொடுக்கறப்ப அதை எடுக்க மறந்துட்டேம்மா.”

கீழே பாத்திரக்கடையில் எதையோ கீழே போட்டார்கள். அந்த ஓசை படியேறி வந்து அறை முழுக்க நின்றது.

பிரேமலதா யமுனாவிடம் கையை நீட்டினாள். முருகானந்தம் கொடுத்துவிட்டுப் போன நம்பரை அவள்தான் போட்டுக் கொடுத்தாள்.

“நான் ரத்தினவேல் வீட்ல பேசறேன். அந்த போன்ல எனக்குன்னு அவர் பேசினது ஒண்ணு இருக்கு. அதை யாராவது கேட்டீங்களா?”

மறுமுனையில் நாற்காலி நகர்கிற சத்தம். ஒரு கதவு சாத்துகிற சத்தம். பிறகு முருகானந்தம் மிகவும் அடங்கிய குரலில் பேசினார்.

“நானும் ஒப்பந்தத்துலதாம்மா இருக்கேன். நான் சொன்னேன்னு தெரிஞ்சா நாளைக்கே வீட்டுக்குப் போகச் சொல்லிடுவாங்க.”

“நான் சொல்லமாட்டேன்.”

“அதைத்தான் அடுத்த வெள்ளிக்கிழமைக்கு எடுத்து வச்சிருக்காங்க. முதலாண்டு நினைவுன்னு. ‘வீட்டுக்காரிக்கு’ன்னு தலைப்புப் போட்டாச்சு. நடுநடுவுல விளம்பரம் வரும்.”

“நீங்க கேட்டீங்களா?”

“கேட்டேம்மா. கேட்டதுலேர்ந்து எனக்கே மனசு சரியில்ல. இதுல கணினி ஒரு வார்த்தைகூடச் சேர்க்கல. முழுக்க சாரேதான். அவர் உங்ககிட்ட ஒண்ணு...”

“சொல்லாதீங்க!”

அவள் போட்ட சத்தத்தில் செந்தமிழன் எழுந்து நின்றுவிட்டான்.

“சொல்லாதீங்க,” என்றாள் மறுபடி, அமைதியாக. “அது எனக்கு வரவேண்டியது. நடுவுல நின்னு கேட்டதே தப்பு. நீங்க வாயால சொல்லி எனக்கு வேணாம்.”

கைபேசியை யமுனாவிடம் கொடுத்தாள். தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

“ஹாஜிராவுக்குப் போன் போடு. உங்க மனுவுல முதல் பேரா என் பேரை எழுதச் சொல்லு. அந்த வக்கீல் இன்னிக்கு இருப்பாரா?”

“மனு விஷயமா திங்கட்கிழமை பார்க்கலாம்னு சொல்லியிருந்தாரும்மா.”

“திங்கட்கிழமை எதுக்கு? இப்பவே ஆபீஸுக்குப் போறோம். வக்கீலை அங்க வரச் சொல்லு.” மகனைத் திரும்பிப் பார்த்தாள். “கடையைச் சாத்திட்டு நீயும் வா. உன் கையால கொடுத்த போன். உன் கையாலதான் வாங்கணும்.”

படியிறங்கும்போது யமுனா தன் கைபேசியைப் பார்த்தபடி சட்டென்று நின்றாள்.

“அம்மா,” என்றாள். “அடுத்த வெள்ளிக்கிழமைக்கு இப்பவே விளம்பரம் போட்டுட்டாங்க. உனக்குப் பேசினதுலேர்ந்து சின்னதா ஒரு துண்டு மட்டும். அப்பா குரல்.”

அவள் விரல் திரைக்கு மேலே நின்றது. செந்தமிழன் அம்மாவின் முகத்தைப் பார்த்தான். பிரேமலதா இரண்டு காதுகளையும் கைகளால் பொத்திக்கொண்டு, தெருவின் வெயிலுக்குள் இறங்கி நடந்தாள்.